குழிந்த மார்பை நிமிர்த்தினால் இதயத்துக்குக் கிடைப்பது என்ன, நுரையீரலுக்குக் கிடைப்பது என்ன?

(புனைபெயர்களில் நடக்கும் உரையாடல் இது; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் பெயர்.)

நடைப்பயிற்சி

குழிந்த மார்புக்கு (நெஞ்செலும்பு உள்நோக்கி அமிழ்ந்திருப்பது) ஆபரேஷன் முடிந்து உடற்பயிற்சி சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் கேட்பது, "இப்ப நுரையீரல் நல்லா விரிஞ்சிருக்குமா?" என்பதுதான். ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து மூச்சை அளக்கும் சோதனை) தாளைப் பார்த்தால் பெரிய மாற்றம் இருப்பதில்லை. முதல் சில மாதங்களில் முன்பைவிடக் குறைந்தும் இருக்கிறது. பிள்ளையோ மாடி ஏறும்போது முன்போல இளைக்கவில்லை என்கிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும்? வெளிவந்த ஆய்வுகளும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. அளவுகளோடு விளக்கினால் பெற்றோருக்கு நேர்மையான பதில் சொல்ல முடியும். முதலில் குழிந்த மார்பைப் பேசலாம். கூர்மார்பும் (நெஞ்செலும்பு வெளியே துருத்துவது) மற்றவையும் பிறகு.

விலாக்கூடு

உடற்கூற்றிலிருந்து தொடங்குகிறேன், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

குழிவது பெரும்பாலும் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி. அதற்கு நேர் பின்னால் இருப்பது நுரையீரல் அல்ல, இதயம். அதிலும் வலது கீழறை. அது மெல்லிய சுவரும் குறைந்த அழுத்தமும் கொண்ட அறை. முன்னால் எலும்பு, பின்னால் முதுகெலும்பு என்று இரண்டுக்கும் நடுவில் சிக்கினால் முதலில் நசுங்குவது அதுதான். இதயம் இடப்பக்கம் நகர்ந்து ஓரளவு தப்பித்துக்கொள்கிறது. எக்ஸ்ரேயில் இதயம் பெரிதானது போலத் தெரிவதற்கு இந்த நகர்வும் ஒரு காரணம். நுரையீரலுக்குப் பக்கவாட்டில் நிறைய இடம் உண்டு. அதனால் பெரும்பாலான பிள்ளைகளில் எஃப்.வி.சி. (முழுதாக இழுத்து, பலமாக ஊதி வெளியேற்றும் மொத்தக் காற்று) எதிர்பார்க்கும் அளவைவிட 10 முதல் 20% வரை மட்டுமே குறைகிறது.

குழியின் ஆழத்தைச் சொல்லும் ஹாலர் குறியீடு எல்லோருக்கும் தெரியும்: மார்புக்கூட்டின் உள் அகலத்தை, நெஞ்செலும்பின் பின்புறத்துக்கும் முதுகெலும்பின் முன்புறத்துக்கும் இடையிலுள்ள மிகக் குறைந்த தூரத்தால் வகுப்பது. அகலம் 24 செ.மீ., ஆழம் 6 செ.மீ. என்றால் 4.0. இயல்பான மார்பில் 2.5-ஐ ஒட்டி இருக்கும், 3.25-க்கு மேல் போனால் ஆபரேஷனைப் பற்றி யோசிப்பது வழக்கம். இதில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, மூச்சின் நிலை. மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்த படத்தில் 6 செ.மீ. இருக்கும் ஆழம், மூச்சை விட்டபின் 5.5 ஆனால் குறியீடு 4.36 ஆகிவிடும். முன்னும் பின்னும் ஒப்பிடும்போது இரண்டு படமும் ஒரே மூச்சுநிலையில் எடுத்ததாக இருக்க வேண்டும். மற்றொன்று, மார்பின் வடிவம். இயல்பிலேயே தட்டையான, அகன்ற மார்புள்ள பிள்ளைக்குக் குழியே இல்லாமல் குறியீடு ஏறும். அதற்குத்தான் திருத்தக் குறியீடு: மார்பின் உட்புறம் மிக முன்னால் இருக்கும் இடத்திலிருந்து முதுகெலும்பு வரை 9 செ.மீ., குழியில் 6 செ.மீ. என்றால் குறைவு 3, அதாவது 33%. எவ்வளவு தூக்க வேண்டும் என்பதை இது நேரடியாகச் சொல்கிறது. 10%-க்குக் கீழே இயல்பு. 28% அளவில் அறுவையைப் பேசலாம்.

மூச்சளவி

ஸ்பைரோமெட்ரி தாளை வைத்துச் சண்டை வருவதற்கு முக்கியக் காரணம் வளர்ச்சி. ஒரு கணக்கு பாருங்கள்.

13 வயதில் எஃப்.வி.சி. 3.0 லிட்டர், எதிர்பார்ப்பு 3.5 லிட்டர்: 86%. நெஞ்செலும்பைத் தூக்கிப் பிடிக்க ஆபரேஷனில் உள்ளே வைத்த உலோகப் பட்டையை எடுத்தபின் 16 வயதில் 4.2 லிட்டர், எதிர்பார்ப்பு 4.9 லிட்டர்: அதே 86%. லிட்டர் கணக்கில் 40% ஏறியிருக்கிறது, உண்மையில் ஒன்றும் ஏறவில்லை. பிள்ளை வளர்ந்தது, அவ்வளவே. லிட்டரில் மட்டும் எழுதி "முன்னேற்றம்" என்று காட்டும் அறிக்கையைக் கண்டால் உயரம், வயது, பாலினம் மூன்றையும் கணக்கில் எடுத்த இசட் மதிப்பை (சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று சொல்லும் எண்) கேளுங்கள். முதுகு வளைவும் சேர்ந்திருந்தால் உயரத்துக்குப் பதிலாக விரித்த கைகளின் நீளத்தை வைத்துத்தான் எதிர்பார்ப்பைக் கணக்கிட வேண்டும்; இல்லையென்றால் எதிர்பார்ப்பு தாழ்ந்து, நுரையீரல் நன்றாக இருப்பதுபோலப் பொய்த் தோற்றம் வரும்.

அடுத்து, எப்போது அளந்தார்கள் என்பது. பட்டை உள்ளே இருக்கும்போது மார்புச் சுவர் இறுகியிருக்கும். முதல் 3 மாதங்களில் வலியும் சேர்வதால் எஃப்.வி.சி. விழுவது எதிர்பார்த்ததே, பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆபரேஷனின் பலனை எடை போடும் அளவீடு பட்டை எடுத்துச் சில மாதங்கள் கழித்து எடுப்பதுதான். அப்போது கிடைக்கும் முன்னேற்றம் சராசரியில் சிறியது: சில சதவீதப் புள்ளிகள்.

ஸ்பைரோமெட்ரியை மட்டும் வைத்து "சுருங்கிய நுரையீரல்" என்று எழுதக் கூடாது. மூடிய சோதனைப் பெட்டிக்குள் உட்காரவைத்து நுரையீரலின் மொத்தக் கொள்ளளவை அளக்காமல் அது உறுதியாகாது. இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு மொத்தக் கொள்ளளவு இயல்பாகவே இருக்கும், முழுவதும் ஊதி வெளியேற்ற முடியாமல் மிச்சக் காற்று மட்டும் கூடியிருக்கும்.

முதல் நொடி அளவுக்கும் (முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்று) எஃப்.வி.சி.க்கும் உள்ள விகிதம் குறைந்திருந்தால் மார்பைக் குற்றம் சொல்லாதீர்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்ப ஊதச் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்ட ஆஸ்துமா மார்பை நிமிர்த்தினால் போகாது.

எக்கோஅறை

விலாக்கூடு சார் சொன்னதன் தொடர்ச்சி. இதயத்தைப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்று எழுதுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய தவறு.

படுத்திருக்கும்போது கால்களிலிருந்து இரத்தம் தாராளமாகத் திரும்பி வருகிறது. நசுங்கிய வலது கீழறையும் எப்படியோ நிரம்பிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து சைக்கிள் மிதிக்கும்போது திரும்பி வரும் இரத்தத்தை விரிந்து வாங்கிக்கொள்ள அந்த அறைக்கு இடமில்லை. ஒரு துடிப்பில் தள்ளும் அளவு கூட வேண்டிய இடத்தில் கூடாமல் நின்றுவிடுகிறது. இதயம் துடிப்பை ஏற்றித்தான் சமாளிக்கிறது. ஓய்வில் இடது கீழறையின் வெளியேற்ற விகிதம் முழுக்க இயல்பாக இருந்துகொண்டே இந்தத் தடை இருக்க முடியும்.

பார்க்க வேண்டியவை: மூவிதழ் வால்வு வளையத்தின் விட்டம், வலது கீழறையின் முன்சுவர் உள்நோக்கி மடங்கியிருக்கிறதா, வலது மேலறை எவ்வளவு தட்டையாகியிருக்கிறது, அறைகளுக்கு நடுச்சுவர் எப்படி அசைகிறது, ஈரிதழ் வால்வு பின்தொங்கல் உண்டா. குழிந்த மார்பில் விலாவின் மேல் எக்கோ ஜன்னல் மோசமாக இருக்கும். வலது கீழறையின் கன அளவுகள் நம்பும்படி வேண்டுமானால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், அதிலேயே ஹாலர் குறியீட்டையும் கதிர்வீச்சில்லாமல் பெறலாம். மூச்சை விட்ட நிலையிலும் ஒரு வரிசை எடுக்கச் சொல்லுங்கள், நசுக்கம் அப்போதுதான் கூடுதலாகத் தெரியும்.

ஈ.சி.ஜி.யில் வலது கற்றையின் (வலது கீழறைக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் பாதை) முழுமையற்ற தடை, வி1 முதல் வி3 வரை தலைகீழ் டி அலை ஆகியவை வரலாம். இதயம் நகர்ந்திருப்பதால் வரும் தோற்றம் அது. தனியாக ஒரு நோயாக நினைத்துப் பெற்றோரைப் பயமுறுத்த வேண்டாம். எக்கோவில் பெருந்தமனியின் அடிப்பகுதியை அளக்காமல் விடவும் கூடாது. உயரமான, நீண்ட விரல்களுள்ள பிள்ளை என்றால் பெருந்தமனியைத் தளர்த்தும் பிறவிக் கோளாறான மார்ஃபான் நோய்க்குறி இருக்கலாம். பட்டை வைக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

நடைப்பயிற்சி

ஆனால் ஒரு சந்தேகம். இந்தப் பிள்ளைகள் சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டு நீச்சலுக்குப் போவதில்லை, விளையாட்டு வகுப்பிலும் ஒதுங்கிவிடுகிறார்கள். பயிற்சி இல்லாத உடம்பிலும் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுவதில்லையே? நெஞ்செலும்பின் மேல் பழியைப் போடுகிறோமா?

மூச்சளவி

நியாயமான சந்தேகம், இதை முழுமையாகப் பிரித்துவிட முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் சோதனையைச் சரியாகச் செய்தால் நிறையத் தெரியும்.

நிமிர்ந்து உட்காரும் சைக்கிள். படுக்கும் சைக்கிள் வேண்டாம், எக்கோஅறை சொன்ன அதே காரணம். நிமிடத்துக்கு 10 முதல் 20 வாட் என்று பிள்ளையின் உடல்வாகைப் பார்த்து ஏற்றி, 8 முதல் 12 நிமிடத்துக்குள் சோர்வு வரும்படி அமையுங்கள். மூச்சுவாயுப் பரிமாற்ற விகிதம் (வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனால் வகுத்தது) 1.05-ஐத் தாண்டவில்லை என்றால் பிள்ளை முழு முயற்சி போடவில்லை. அந்தச் சோதனையிலிருந்து உச்ச அளவு எதையும் எடுக்காதீர்கள்.

முதலில் நுரையீரல்தான் தடையா என்று பாருங்கள். முதல் நொடி அளவு 2.6 லிட்டர் என்றால் அதை 40-ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 104 லிட்டர் வரை மூச்சுவிடும் திறன். உச்சத்தில் பயன்படுத்தியது 70 லிட்டர் என்றால் 33% மிச்சம். 15 முதல் 20%-க்கு மேல் மிச்சம் இருந்தால் நுரையீரல் பிள்ளையை நிறுத்தவில்லை. குழிந்த மார்பில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

பிறகு ஆக்சிஜன் துடிப்பு, அதாவது ஒரு துடிப்புக்கு உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன். உச்சத்தில் நிமிடத்துக்கு 1800 மி.லி. ஆக்சிஜன், துடிப்பு 190 என்றால் ஒரு துடிப்புக்கு 9.5 மி.லி. தமனிக்கும் சிரைக்கும் உள்ள ஆக்சிஜன் வேறுபாட்டை 100 மி.லி.க்கு 15 என்று வைத்துக்கொண்டால் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் ஏறக்குறைய 63 மி.லி. இந்த எண்ணைவிட, சுமை ஏற ஏற ஆக்சிஜன் துடிப்பு எப்படி மாறுகிறது என்ற வரைகோட்டின் வடிவம் முக்கியம். பயிற்சியில்லாத உடம்பில் கோடு தாழ்ந்திருந்தாலும் கடைசிவரை மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். நிரம்ப இடமில்லாத இதயத்தில் பாதிச் சுமையிலேயே தட்டையாகி, துடிப்பு மட்டும் செங்குத்தாக ஏறும். சந்தேகம் நீடித்தால் 8 முதல் 12 வாரம் ஒழுங்கான பயிற்சி கொடுத்து, அதே கருவியில், அதே சுமையேற்றத்தில் மறுபடி சோதியுங்கள். கோடு ஏறியதா, அதே இடத்தில் தட்டையாகிறதா என்பது பாதிப் பதிலைக் கொடுத்துவிடும்.

எக்கோஅறை

ஆபரேஷனுக்குப் பின் என்ன ஆகிறது என்பதற்கு இந்தப் பாதையில் நல்ல சான்று உண்டு. டென்மார்க்கின் ஆர்ஹூஸில் வளரிளம் பருவத்தினரை, ஆரோக்கியமான அதே வயதினரோடு வைத்துப் பின்தொடர்ந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஆபரேஷனுக்கு முன் உழைப்பின்போது இதயம் தள்ளிய இரத்தம் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவு. ஒரு வருடத்தில் பாதி வழி. பட்டை எடுத்தபின், மூன்றாம் வருடத்தில் வேறுபாடு மறைந்துவிட்டது. ஒப்பீட்டுக் குழு இருந்ததுதான் அதன் பலம். மூச்சளவி சொன்ன வளர்ச்சிக் குழப்பம் அதில் பெருமளவு நீங்கிவிடுகிறது.

2006-இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும் இதய இயக்கத்தில் முன்னேற்றம் உண்டு, நுரையீரல் இயக்கத்தில் தெளிவாக இல்லை என்றே முடித்தார்கள். அப்போதே எதிர்ப்பும் வந்தது: சேர்த்த ஆய்வுகள் சிறியவை, அளந்த முறைகள் வேறுவேறு, சிலவற்றில் நிமிர்ந்த உழைப்பே இல்லை என்று. அந்த எதிர்ப்பில் பொருள் உண்டு. ஆனாலும் பின்னால் வந்த, நன்றாக வடிவமைத்த ஆய்வுகள் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

நடைப்பயிற்சி

அப்படியானால் சீக்கிரம் செய்வது நல்லதுதானே? நுரையீரலின் சிற்றறைகள் பெருகுவது பெரும்பாலும் முதல் 8 வருடங்களில் என்கிறார்கள். 4, 5 வயதிலேயே இடம் கொடுத்துவிட்டால்?

விலாக்கூடு

வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். இந்த எண்ணத்துக்குப் பிள்ளைகள் கொடுத்த விலை பெரிது. 1949-இல் ராவிச் விவரித்த முறையில் குழிந்த விலாக் குருத்தெலும்புகளை வெட்டியெடுத்து நெஞ்செலும்பை நிமிர்த்துவார்கள். அதைச் சின்ன வயதில், நிறையக் குருத்தெலும்புகளை எடுத்துச் செய்தபோது விலாவின் வளர்முனைகளும் போய்விட்டன. பிள்ளை வளர்ந்தது, மார்புக்கூடு வளரவில்லை. எஃப்.வி.சி. எதிர்பார்ப்பில் பாதிக்கும் கீழே போன பிள்ளைகளைப் பற்றி ஹாலரே 1996-இல் எச்சரித்து எழுதினார். பிறவியிலேயே மார்பு குறுகிய ஜூன் நோய்க்குறியைப் போல, ஆனால் கத்தியால் உண்டாக்கியது. சிற்றறைகளுக்கு இடம் கொடுக்கப் போய் இருந்த இடத்தையும் பறித்ததுதான் மிச்சம்.

டொனால்ட் நஸ் 1987-இல் தொடங்கி 1998-இல் வெளியிட்ட முறையில் குருத்தெலும்பை வெட்டுவதில்லை. ஆனாலும் மிகச் சிறு வயதில் வைத்தால், பட்டை எடுத்தபின் வளர்ச்சிப் பாய்ச்சலில் மறுபடி குழிய வாய்ப்பு அதிகம். 12 முதல் 16 வயது ஏற்ற காலம்: குருத்தெலும்பு இன்னும் வளையும், வேகமான வளர்ச்சி பட்டையின் மேலேயே நடந்து முடியும்.

முறையையும் சொல்லிவிடுகிறேன், தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன. பட்டையின் நீளம்: குழியின் மட்டத்தில் ஓர் அக்குள் நடுக்கோட்டிலிருந்து மறு அக்குள் நடுக்கோடுவரை அளந்து 2.5 செ.மீ. கழியுங்கள். இரண்டு பக்கமும் சிறு கீறல், மார்புக்குள் கேமரா. கருவி மார்புக்குள் நுழையும் இடம் குழியைச் சுற்றிய மேட்டு விளிம்புக்கு உள்பக்கம் இருக்க வேண்டும். வெளியே தள்ளி நுழைத்தால் விலா இடைத்தசை கிழிந்து, பட்டை பின்னுக்கு அமிழ்ந்து, கிடைத்த உயரம் போய்விடும். இதய உறைக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே கருவி கடக்கும் அந்தச் சில சென்டிமீட்டர்தான் உயிராபத்தான இடம். நெஞ்செலும்பைக் கொக்கியாலோ உறிஞ்சு கிண்ணத்தாலோ முன்கூட்டியே தூக்கிவிட்டுக் கடப்பது அந்த ஆபத்தைக் குறைக்கும். முன்பு இதய ஆபரேஷன் செய்த பிள்ளையில் எல்லாம் ஒட்டிக்கிடக்கும். இதய அறுவை குழு பக்கத்தில் இல்லாமல் தொடக் கூடாது. கடந்தபின் நாடாவைக் கட்டி இழுத்து, வளைவு பின்னோக்கியபடி பட்டையை நுழைத்து, 180 பாகை புரட்டுவது. நீண்ட குழி, வயதில் மூத்த பிள்ளை என்றால் இரண்டு பட்டைகள். சுமை பிரிவதால் நழுவலும் குறையும்.

மயக்கமருந்தர்

புரட்டும் கணத்துக்கு முன்பே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேமராவுக்காகக் கார்பன் டை ஆக்சைடு செலுத்துகிறோம், 5 முதல் 8 மி.மீ. பாதரச அழுத்தத்தில். ஏற்கெனவே நசுங்கிய வலது பக்கத்துக்கு அந்த அழுத்தமும் சேரும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். மருந்து ஏற்றுவதற்கு முன் வாயுவை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் சரியானால் காரணம் அதுதான்.

வலிதான் முதல் வாரத்தின் நுரையீரல் அளவைத் தீர்மானிக்கிறது. வலித்தால் பிள்ளை ஆழமாக மூச்சிழுக்காது, இருமாது, அடிநுரையீரல் சுருங்கிவிடும். விலா இடை நரம்புகளை உறையவைக்கும் முறை இதை மாற்றிவிட்டது: இருபுறமும் 3 முதல் 7 வரை, ஒவ்வொரு நரம்பிலும் மைனஸ் 60 பாகை செல்சியஸில் 2 நிமிடம். பத்து நரம்புக்கு 20 நிமிடம் கூடுதல். மருத்துவமனையில் 4, 5 நாள் என்பது பலருக்கு 1, 2 நாளாகிறது. முழுமையாக மரத்துப்போக 12 முதல் 24 மணி நேரமாகும். அதுவரை ஊசியால் தடுக்கும் மரப்பு மருந்து தேவை. இரண்டாம் விலாவுக்குப் போகாதீர்கள், இமை தொங்கும் ஹார்னர் சிக்கல் வரலாம். ரொம்பக் கீழே போனால் வயிற்றுத் தசை தளர்ந்து புடைக்கும். மார்பின் மரத்த உணர்வு மாதக்கணக்கில் நீடிக்கும் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

நடைப்பயிற்சி

வலி இல்லாததால் இப்போது பிள்ளைகள் சீக்கிரமே குனிந்து திரும்பி விளையாடத் தொடங்கிவிடுகிறார்கள். பட்டை நழுவும் பயம்?

விலாக்கூடு

உண்மையான பயம். நழுவல் பெரும்பாலும் முதல் மாதத்தில். 6 வாரம் கனம் தூக்கக் கூடாது, உடம்பை முறுக்கக் கூடாது, பக்கவாட்டில் புரண்டு எழக் கூடாது. 3 மாதம் மோதல் விளையாட்டு கூடாது. நடையும் ஆழ்மூச்சும் முதல் நாளிலிருந்தே. திடீரென்று ஒரு சொடக்கு, புதிய வலி, விலாப்புறத்தில் பட்டை முனை புடைப்பு என்றால் அன்றே பக்கவாட்டு எக்ஸ்ரே எடுங்கள்.

சில வாரங்கள் கழித்து காய்ச்சல், படுத்தால் கூடும் நெஞ்சுவலி, மூச்சிரைப்பு வந்தால் இதய உறை அழற்சியை நினைக்க வேண்டும், எக்கோ அவசியம். காயம் சிவந்து நீர் வடிந்தும் கிருமி வளரவில்லை என்றால் உலோக ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள். பெல்ட் கொக்கி, நகை பட்டுத் தோல் அரித்தது உண்டா என்று முன்பே கேட்டு, நிக்கலுக்கு ஒட்டுச் சோதனை செய்திருந்தால் தொடக்கத்திலேயே டைட்டானியம் பட்டைக்குப் போயிருக்கலாம்.

எக்கோஅறை

கூர்மார்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாக. அங்கே எலும்பு வெளியே துருத்துகிறது, இதயம் நசுங்குவதில்லை. ஆபரேஷனால் இதயத்துக்கு லாபம் என்று யாரும் உறுதி தரக் கூடாது. வளையும் மார்பு என்றால் அழுத்துப் பட்டிதான் முதல் வழி, அதுவும் நாளின் பெரும்பகுதி அணிந்தால்தான் பலன்.

மூச்சளவி

ஜூன் நோய்க்குறி, பிறவியிலேயே விலாக்கள் ஒட்டியவை எல்லாம் வேறு உலகம். அங்கே உண்மையிலேயே நுரையீரலுக்கு இடமில்லை. நீட்டக்கூடிய டைட்டானியம் விலா வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டுவார்கள். நடைப்பயிற்சி சொன்ன சிற்றறைக் கணக்கு பொருந்துவது அங்கேதான். அங்கேயும் எஃப்.வி.சி. லிட்டரில் ஏறும், சதவீதத்தில் ஏறுவது அரிது. இருப்பதை இழக்காமல் வளரவிடுவதே அங்கே வெற்றி.

மயக்கமருந்தர்

பட்டை உள்ள பிள்ளைக்கு இதயம் நின்றால் என்ன செய்வது என்று பள்ளிகளிலிருந்து கேட்பார்கள். நெஞ்சை அதே இடத்தில்தான் அழுத்த வேண்டும், கூடுதல் பலம் தேவைப்படும். பட்டையைப் பார்த்துத் தயங்கக் கூடாது. மின்னதிர்ச்சித் தகடுகளை முன்புறம் ஒன்று, முதுகில் ஒன்று என்று ஒட்டுங்கள். இதை எழுதிய அட்டை பிள்ளையின் பையில் இருக்கட்டும்.

நடைப்பயிற்சி

பெற்றோரிடம் சொல்ல இப்போது வார்த்தை கிடைத்தது: "நுரையீரல் எண் பெரிதாக மாறாது. ஓடும்போது இதயத்துக்கு இடம் கிடைக்கும். அதை அளக்க சைக்கிள் சோதனை வேண்டும்." கடைசியாக ஒன்று, பட்டை எடுக்கும் காலமும் சோதனைக் காலமும் எப்படிப் பொருத்துவது?

விலாக்கூடு

ஆபரேஷனுக்கு முன் 3 மாதத்துக்குள் ஸ்பைரோமெட்ரி, மொத்தக் கொள்ளளவு, சைக்கிள் சோதனை, எக்கோ. பட்டை உள்ளே இருக்கும்போது ஒரு வருடத்தில் சைக்கிள் சோதனை போதும். பட்டை 2 முதல் 4 வருடம், பெரும்பாலும் 3. உயரம் இன்னும் வேகமாக ஏறிக்கொண்டிருந்தால் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். எடுத்து 6 மாதம் கழித்து முதல் தடவை செய்த எல்லாவற்றையும் அதே ஆய்வகத்தில் மறுபடி.

எடுக்கும் நாளைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். இரண்டு முனைகளையும் திறந்து, பட்டையை மூடி வளர்ந்த எலும்பைச் செதுக்கி நீக்கி, வளைவை முழுவதும் நிமிர்த்திய பிறகே மெதுவாக இழுக்க வேண்டும். வளைந்த பட்டையை அப்படியே இழுத்தால் பின்னால் ஒட்டியிருக்கும் நுரையீரலையோ இரத்தக் குழாயையோ கிழிக்கும். இழுக்கும்போது தடை தெரிந்தால் நிறுத்திவிட்டுக் கேமராவை உள்ளே விட்டுப் பாருங்கள். இரத்தம் தயாராக இருக்கட்டும், மார்பைத் திறக்கும் கருவித் தட்டு அறைக்குள்ளேயே இருக்கட்டும்.